அம்பு காட்டும் திசையில் அணில் வரும்

சாம்பல் அணில் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் மாதிரியார் சற்றும் தயங்காமல் பதில் சொல்வார்: சாம்பல் நிறப் புள்ளி. திரையைப் பெரிதாக்கிப் பார்த்தால் கொஞ்சம் பெரிய சாம்பல் நிறப் புள்ளி. சிவப்பு அணில் என்றால் சிவப்புப் புள்ளி. சாம்பல் புள்ளி பெருகப் பெருகச் சிவப்புப் புள்ளி குறையும். இந்த விஷயத்தில் நாட்டிலேயே அவரைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் இல்லை என்று அவர் வேலை பார்த்த இடத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவரும் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டிருந்தார்.

அந்த இடத்துக்கு அந்நிய அணில் பரவல் முன்கணிப்பு மையம் என்று பெயர். எங்கிருந்தோ கப்பலேறி வந்த சாம்பல் அணில்கள் காடு காடாகப் பரவிக்கொண்டிருந்தன. போன இடத்திலெல்லாம் காலங்காலமாக அங்கேயே வாழும் சிவப்பு அணில்களின் தீனியையும் பொந்தையும் பிடுங்கிக்கொண்டன. போதாக்குறைக்கு ஒரு சொறிநோயையும் ஒட்டிவிட்டன. அந்த நோய் சாம்பல் அணிலை ஒன்றும் செய்யாது, சிவப்பு அணிலைக் கொன்றுவிடும். சாம்பல் அணில் அடுத்து எந்தக் காட்டுக்குள் நுழையும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் மையத்தின் வேலை. அதைச் சொல்லக் கணினியில் ஒரு மாதிரி, அதாவது அணில் பரவும் விதத்தைக் கணக்காக்கிக் காட்டும் நிரல், வேண்டும். அந்த மாதிரியைக் கட்டியவர் என்பதால் நம் ஆளுக்கு மாதிரியார் என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது.

லேசான மாதிரி அல்ல அது. அணில் எந்த மரத்திலிருந்து எந்த மரத்துக்குத் தாவும், குட்டி வளர்ந்து எவ்வளவு தூரம் தள்ளிப் போய்க் குடித்தனம் வைக்கும், ஆற்றைக் கண்டால் திரும்புமா நீந்துமா, மலையை ஏறுமா சுற்றுமா என்று எல்லாக் கேள்விக்கும் அதில் ஓர் எண் இருந்தது. சில எண்களை மாதிரியார் புத்தகங்களிலிருந்து எடுத்தார். சிலவற்றைப் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டார். இரண்டு இடத்திலும் கிடைக்காதவற்றுக்குத் தன் வயதைப் போட்டார். ஒவ்வொரு பிறந்தநாளன்றும் மறக்காமல் மாற்றியும் விடுவார், ஏனென்றால் தகவல் பழசாகிவிடக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர்.

இதில் மாதிரியாருக்கே விளங்காத சங்கதி ஒன்று உண்டு. மாதிரி ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அது சொன்ன காட்டில் சொன்ன பருவத்தில் சாம்பல் அணில் வந்து நிற்கும். வெளிநாட்டு மையங்கள் எல்லாம் பாதிக்குப் பாதி தேறினாலே கட்டிப்பிடித்துக்கொள்ளும்போது, இங்கே மட்டும் சொன்னது சொன்னபடி நடந்தது. ஆரம்பத்தில் மாதிரியாருக்குப் பயமாக இருந்தது. பிறகு தனக்கு ஏதோ ஒரு தனிச் சக்தி இருப்பதாகத் தோன்ற ஆரம்பித்தது. அதற்குப் பிறகு தலைமுடியை வேறு விதமாக வாரிக்கொண்டார்.

ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் மையத்தில் அம்பு வைக்கும் கூட்டம் நடக்கும். கூட்ட அறையின் சுவர் முழுக்க ஓர் இரும்பு வரைபடம். காந்தம் பொருத்திய சிவப்புத் தகர அம்பு ஒன்று வெல்வெட் பெட்டியில் வரும். மாதிரி சொன்ன காட்டின் மேல் இயக்குநர் அந்த அம்பைத் தன் கையால் ஒட்டுவார். 'டக்' என்று சத்தம் கேட்டதும் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். யாராவது முன்னதாகவே எழுந்துவிட்டால் அம்பைப் பெட்டிக்குள் திரும்ப வைத்து, முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

விவாதங்களும் உண்டு. ஒருமுறை மேற்குக் காட்டுக்குள் கால்வாசி அணில் நுழையும் என்று மாதிரி சொல்லிவிட்டது. கணக்கில் சராசரி எடுத்தால் அப்படித்தான் வரும். ஆனால் துணை இயக்குநர் அம்மா எழுந்து, “முன்பக்கக் காலா, பின்பக்கக் காலா?” என்று கேட்டார். கேலிக்கு அல்ல, அந்த அம்மா பிறந்ததிலிருந்து கேலி செய்தவர் அல்லர். முன்பக்கம் என்றால் வாய் இருக்கும், தீனியைத் தின்னும். பின்பக்கம் என்றால் பாதிப்பு குறைவு என்பது அவர் வாதம். ஆராய ஒரு குழு போட்டார்கள். குழு ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்து யோசித்து, வாலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று ஒருமனதாகப் பரிந்துரைத்தது.

இந்தக் கூட்டங்களுக்கு இருந்த ஒரே தொந்தரவு எலி. கூட்ட அறையின் மேல்தளத்தில் எந்நேரமும் தடதடவென்று ஓட்டம். இயக்குநர் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார். “எலி நம்ம துறையில வராது,” என்று சொல்லிவிட்டுத் தொடர்வார்.

அம்பு ஒட்டிய பிறகு முன்னெச்சரிக்கை ஊட்டம் என்று ஒன்று நடக்கும். எதிரி வரப்போகும் காட்டில் இருக்கிற சிவப்பு அணில்கள் தெம்பாக இருந்தால்தானே எதிர்த்து நிற்கும்? அதற்காக மையத்தின் பின்புறக் கிடங்கிலிருந்து பெட்டி பெட்டியாகக் கடலையை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி அந்தக் காட்டுக்குப் போகும். பெட்டிகளை மரங்களில் கட்டித் தொங்கவிட்டு வரும். அப்புறம் கொஞ்ச நாளிலேயே சாம்பல் அணில் வந்துவிடும். நல்லவேளை, முன்கூட்டியே கடலை அனுப்பினோம் என்று எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள்.

இப்படி நடந்துகொண்டிருந்த நாளில்தான் மாதிரி, அடுத்த அம்பை மாதிரியாரின் அக்கா வீட்டுத் தோப்பில் கொண்டுபோய் நிறுத்தியது.

அக்கா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். தம்பியை வளர்த்து ஆளாக்கியதும் அவள்தான், அவன் ஆளானதை இன்றுவரை ஒப்புக்கொள்ளாதவளும் அவள்தான். ஊர்க்கோடியில் அவள் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய தோப்பு. தோப்புக்குள் போக ஒரே வழி அக்காவின் முன்கேட்டைத் தாண்டி அவள் முற்றத்தின் வழியாகத்தான். அந்தப் பக்கத்துக் காடுகளிலெல்லாம் சாம்பல் அணில் நிறைந்துவிட்டது. சிவப்பு அணில் மிஞ்சியிருந்தது அந்தத் தோப்பில் மட்டும்தான். காது கிழிந்த கிழட்டு அணில் ஒன்றுக்கு அக்கா செக்கர் என்று பெயர் வைத்திருந்தாள். பஸ்ஸில் ஏறும் டிக்கெட் செக்கரைப் போல எதிர்பாராத நேரத்தில் வந்து எல்லோர் பையையும் சோதிக்கும் என்பதால் அந்தப் பெயர்.

விடுமுறை நாளில் பஸ் பிடித்துப் போய் மாதிரியார் விஷயத்தைச் சொன்னார். அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“எப்ப வருதாம் அதுங்க?”

“இந்தப் பருவத்துலயே வந்துடும்க்கா.”

“யாரு சொன்னது?”

“நான்தான்.”

“அப்ப வராதுன்னு சொல்லு.”

“அப்படியெல்லாம் இஷ்டத்துக்குச் சொல்ல முடியாதுக்கா. மாதிரி சொல்லுது.”

“மாதிரியைக் கட்டினது யாரு?”

மாதிரியார் ஒரு துணி கிளிப்பை எடுத்து நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டாள். “அதுங்க எப்படி வருதுன்னு நேர்ல பாத்திருக்கியா?”

“நேர்ல போய்ப் பாத்தா ஒருதலைப்பட்சமா ஆயிடும்க்கா.”

“ஆகட்டும். போய்ப் பாத்துட்டு வா. இந்தத் தோப்புல ஒண்ணு செத்து விழுந்தாலும் நீ இந்தப் பக்கம் வராதே.”

சொன்ன குரலில் கோபம் இல்லை. அக்கா கத்தினால் பயமில்லை, மெதுவாகப் பேசினால்தான் ஆபத்து என்பது அவர் சின்ன வயதிலேயே படித்த பாடம். மறுநாளே ஆற்றோரக் காட்டுக்குப் போகும் லாரியில் இடம் கேட்டு ஏறிக்கொண்டார். போன பருவத்து அம்பு அங்கேதான் இருந்தது. அந்தக் காட்டுக்கான கடைசி லோடு அன்றைக்குத்தான் போனது. லோடு இறங்கியதும் அடுத்தது அக்கா தோப்பு.

காட்டோரம் லாரி நின்றது. டிரைவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். மாதிரியார் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு, சாம்பல் அணில் எந்தத் திசையிலிருந்து வரும் என்று மாதிரி சொல்லியிருந்ததோ அந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்தார். முதுகு லாரியைப் பார்த்து இருந்தது. வெயில் ஏறியது. மலைப்பக்கமிருந்து எதுவும் வரவில்லை. பின்னால் மட்டும் 'பொத், பொத்' என்று ஏதோ விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“அது என்ன சத்தம்?” என்றார் கண்ணை எடுக்காமல்.

“அணில் சார். எறங்குது.”

மாதிரியார் திரும்பினார். லாரியின் பின்புறத் தார்ப்பாய் இடுக்கிலிருந்து கொழுகொழுவென்று ஒரு சாம்பல் நிற அணில் தலையை நீட்டியது. இரண்டு பக்கமும் பார்த்தது. குதித்தது. அதன் பின்னால் இன்னொன்று. வழக்கமாக இறங்கும் நிறுத்தத்தில் இறங்குகிறவர்களைப் போல அவசரமில்லாமல் ஒவ்வொன்றாக இறங்கிக் காட்டுக்குள் போயின. அவர் வாழ்க்கையில் உயிரோடு பார்த்த முதல் சாம்பல் அணில்கள் அவைதான்.

“இதுங்க... இதுங்க எப்படி வண்டியில?”

“எப்பவும் நம்ம வண்டியிலதான் சார் வரும்.”

“எப்பவுமேவா?”

“நான் சேந்ததுலேர்ந்து அப்படித்தான். குடோன் கூரை பூரா இதுங்கதானே. கடலைப் பெட்டி ஏத்துறப்போ இதுங்களும் ஏறிக்கும். உங்க மீட்டிங் ரூம் மேலகூட ஓடுமே.”

“அது எலி.”

“சரி சார்.”

“ஏன்ப்பா, இதை யார்கிட்டயும் சொல்லலையா?”

டிரைவர் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். “அணில் வந்துச்சான்னு கேட்டாங்க. வந்துச்சுன்னு சொன்னேன். எதுல வந்துச்சுன்னு யாரும் கேக்கலையே சார்.”

மாதிரியாருக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. தனிச் சக்தி என்று நினைத்து முடியை மாற்றி வாரிக்கொண்டது நினைவுக்கு வந்து கூசியது. அவர் அம்பு காட்டினார், மையம் வண்டி அனுப்பியது, வண்டி அணிலை இறக்கியது, அணில் வந்துவிட்டது என்று அவரே மார்தட்டிக்கொண்டார். ஒவ்வொரு காடாகச் சிவப்புப் புள்ளிகளை அணைத்தது அவர் விரல்தான். தலைமுடியைக் கையால் கலைத்துவிட்டுக்கொண்டார். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்பது அவருக்கும் தெரிந்தே இருந்தது.

மறுநாள் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னார். ஒருவழியாகச் சொல்லி முடித்துவிட்டார். மேல்தளத்தில் எலி ஓடியது.

துணை இயக்குநர் அம்மாதான் முதலில் வாய் திறந்தார். “எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். இத்தனை காலமா மாதிரி சரியா வந்ததுக்கு லாரிதான் காரணம்னா, பெருமை எல்லாம் போக்குவரத்துப் பிரிவுக்குப் போயிடுமே?”

“போக விடமாட்டோம்,” என்றார் இயக்குநர். அவர் பேச எழுந்தால் சட்டையின் மேல் பொத்தானைப் போடுவார். இப்போது போட்டார். “நண்பர் ஒரு பெரிய கண்டுபிடிப்போட வந்திருக்கார். அணில் எப்படிப் பரவுதுன்னு உலகமே தலையைப் பிச்சிக்குது. மரத்துல தாவுதுன்னு ஒருத்தன் சொல்றான், ஆத்துல நீந்துதுன்னு ஒருத்தன் சொல்றான். லாரியில போகுதுன்னு சொன்ன முதல் மையம் நம்ம மையம்தான். லாரியையும் மாதிரியில ஒரு காரணியா சேத்துடுங்க.”

எல்லோரும் கைதட்டினார்கள். மாதிரியார் தன் சட்டைப் பொத்தானுக்கு மட்டும் கேட்கிற குரலில், “லாரியை நிறுத்திடலாமே சார்,” என்றார்.

“தாராளமா நிறுத்தலாம். நிறுத்தினா என்ன ஆகும்? அணில் போகாது. போகலன்னா மாதிரி தப்பு. மாதிரி தப்புன்னா நீங்க தப்பு. உங்களை நாங்க அப்படிக் கைவிட்டுடுவோமா?”

“சிவப்பு அணிலுங்க சார்...”

இயக்குநரின் குரல் தழுதழுத்தது. உண்மையாகவே தழுதழுத்தது. “சிவப்பு அணிலுக்காகத்தானேய்யா இவ்வளவும்! அது அழிஞ்சிடுமோங்கற கவலையிலதான் இந்தக் கட்டடமே நிக்குது. நான் பொறுப்பேத்த நாள்லேர்ந்து அந்தக் கவலை ஒரு நாளாவது குறைஞ்சிருக்கா, சொல்லுங்க?”

குறையவில்லை என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கடைசியில் நன்றியுரை சொல்லும் பொறுப்பு மாதிரியாருக்கு வந்தது. எழுந்து, நன்றாகவே சொன்னார். இருக்கைக்குத் திரும்பும்போது தன் கால்களைப் பார்த்துக்கொண்டே போனார்.

நேருக்கு நேர் நிற்கத் துப்பில்லாதவன் செய்யக்கூடியதைத்தான் அவரும் செய்தார். தன் வயதைப் போட்டிருந்த இடங்களிலெல்லாம் அக்காவின் வயதைப் போட்டார். திரையில் அம்பு துடித்தது. அக்கா தோப்பை விட்டு விலகி, மலையைத் தாண்டி, நெடுஞ்சாலை வழியாக வந்து, மையத்தின் தலைமையகக் கட்டடத்தின் மேல் நின்றது. வேறு எங்கே நின்றிருந்தாலும் யாருடைய காட்டுக்காவது கேடு. இங்கே ஏற்கனவே கூரை நிறைய அணில்தான். மாதிரியார் கண்ணை மூடிக்கொண்டு அதையே அச்செடுத்துக் கொடுத்தார். உள்முகப் பரவல் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார்.

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். எதிரி தன்னைத் தேடி வருகிறான் என்றால் தான் எவ்வளவு முக்கியமான ஆள்! சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு அம்பைத் தலைமையகத்தின் மேல் ஒட்டினார். வழக்கப்படி முன்னெச்சரிக்கை ஊட்டமும் புறப்பட்டது. பின்புறக் கிடங்கில் லாரியில் கடலை ஏற்றினார்கள். பயணம் செய்யாத சரக்கை இறக்கக் கூடாது என்று விதி இருந்ததால், லாரி பின்கேட் வழியாக வெளியே போய், ஊரைச் சுற்றி, முன்கேட் வழியாக உள்ளே வந்தது. முன்முற்றத்து மரங்களில் பெட்டிகளைக் கட்டினார்கள். தார்ப்பாயை விலக்கிச் சாம்பல் அணில்கள் இறங்கின. சன்னல் வழியாகப் பார்த்த இயக்குநர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

“வந்துடுச்சு! சொன்னது சொன்னபடி வந்துடுச்சு!”

அந்த வருடத்தின் சிறந்த துல்லியத்துக்கான பாராட்டுப் பத்திரம் மாதிரியாருக்குக் கிடைத்தது. மையத்தில் அதற்கு மேல் மரியாதை கிடையாது என்று சொல்லப்படும் ஒன்றும் கூடவே கிடைத்தது: பின்முற்றத்தில், கிடங்குக் கூரையின் நிழலில், அவர் பெயர்ப்பலகையோடு கார் நிறுத்த ஓர் இடம். மாதிரியாரிடம் கார் இல்லை. இடம் கிடைத்த பிறகு சும்மா இருந்தால் நன்றாக இருக்காதே என்று கடன் போட்டு ஒன்று வாங்கினார்.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. துணை இயக்குநர் அம்மா வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா தோப்பில் இருந்த சிவப்புப் புள்ளிகளைக் கவனித்துவிட்டார். புள்ளிகள் குறையவில்லை. கூடியிருந்தன.

“இந்தத் தோப்புக்கு நாம ஊட்டம் அனுப்பலை, பெட்டி கட்டலை, அம்பு வைக்கலை,” என்றார். “நம்ம பாதுகாப்பு இல்லாம இதுங்க எப்படிப் பிழைச்சிருக்கு?”

இயக்குநரின் முகம் சுருங்கியது. “இது விபரீதமான முன்னுதாரணம். இதைப் பாத்து மத்த காடும் இப்படி ஆரம்பிச்சா நம்ம கதி என்ன? நேர்ல போய்ப் பாக்கணும். வெறுங்கையோட போகக் கூடாது. ஒரு லோடு கடலையும் எடுத்துக்கிட்டே போவோம்.”

மாதிரியார் வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தார். லாரி, கூரை, அம்பு, வயது, நன்றியுரை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். “என்னால அவங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியலைக்கா,” என்றார்.

அக்கா நாளைத்தான் கேட்டாள்.

“என்னைக்கு வராங்க?”

“நாளைக்குக் காலையில.”

“சரி, போனை வை.”

மறுநாள் லாரியின் முன்பகுதியில் டிரைவர், இயக்குநர், துணை இயக்குநர் அம்மா மூவரும் நெருக்கி உட்கார்ந்து வந்தார்கள். மாதிரியாருக்குப் பின்னால் பெட்டிகளோடுதான் இடம் கிடைத்தது. இருட்டில் அவரைச் சுற்றிக் கடலை நொறுங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரோ ஒருவர் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, பிடிக்காமல் இறங்கிப் போனார்.

அக்கா வீட்டு முன்கேட் திறந்தே கிடந்தது. லாரி உள்ளே திரும்பியது. அப்போது விசில் கேட்டது. ஒரே விசில், நீளமாக. டிரைவர் ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர். மூளைக்குச் சேதி போகும் முன்பே அவர் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. இயக்குநரின் நெற்றி கண்ணாடியில் முட்டியது. மாதிரியார் ஒரு கடலைப் பெட்டிக்குள் உட்கார்ந்தார்.

அக்கா தன் பழைய கண்டக்டர் விசிலோடு கேட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். “பின்னாடி எத்தனை பேரு?”

இயக்குநர் இறங்கி மேல் பொத்தானைப் போட்டார். “அம்மா, நாங்க அணிலைக் காப்பாத்த வந்திருக்கோம்.”

“பின்னாடி எத்தனை பேருன்னு கேட்டேன்.” அவரைத் தாண்டிப் போய்த் தார்ப்பாயை ஒரு பக்கம் தூக்கினாள். வரிசையாகக் கண்கள் மினுங்கின. அவற்றில் ஒரு ஜோடி அவள் தம்பியுடையது. “டேய், நீ மட்டும் எறங்கு. மத்த யாரும் எறங்கக் கூடாது.” தம்பி இறங்கியதும் தார்ப்பாயை இழுத்து மூடிக் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். அவள் மூடும் முன்பே, இறங்க எழுந்த ஒரு சாம்பல் அணில் மறுபடி உட்கார்ந்துகொண்டதை மாதிரியார் தன் கண்ணாலேயே பார்த்தார்.

“இங்க பாருங்கம்மா, நாங்க ஒரு மையம்,” என்றார் துணை இயக்குநர்.

“இருங்க. வேண்டாங்கல. தோப்பைப் பாக்கணும்னா நல்லாப் பாருங்க. வண்டி வெளிய நிக்கட்டும். கைப்பையை இங்க வெச்சிட்டு, பாக்கெட்டைத் தட்டிக் காட்டிட்டு, நடந்து போங்க.”

“நடந்தா?” இயக்குநர் மாதிரியாரின் பக்கம் திரும்பினார். “இயக்குநர் நடந்து போறதுக்கு விதியில இடமே இல்லையே. இவங்க யாருய்யா?”

“என் அக்கா சார்.”

“அப்ப நீங்க சொன்னா கேப்பாங்க. பேசிப் பாருங்க.”

மாதிரியார் அக்காவைப் பார்த்தார். இயக்குநரைப் பார்த்தார். கட்டடமே கவலையில் நிற்கும் அந்த முகத்தைப் பார்த்தபோது, அவருக்கு ஏனோ முதல்முறையாகப் பயம் வரவில்லை.

“பேசமாட்டேன் சார். அவங்க சொல்றதுதான் சரி. அன்னைக்கே லாரியை நிறுத்துங்கன்னு நான் சத்தமாச் சொல்லியிருக்கணும்.”

வீரமாகச் சொல்லிவிட்டு அக்காவின் பக்கம் போய் நிற்கப் போனார். அக்கா கையை நீட்டித் தடுத்தாள். “நீயும் பாக்கெட்டைத் தட்டு.” தட்டினார். பெட்டிக்குள் விழுந்தபோது சேர்ந்த கடலை முழுக்கச் சலசலவென்று தரையில் கொட்டியது. வீரம் அத்தோடு கொஞ்சம் இறங்கிவிட்டது.

லாரி பின்னோக்கியே போய்த் தெருவில் திரும்பி, ஏற்றிவந்த அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு தலைமையகத்துக்கே போய்ச் சேர்ந்தது.

மாதிரியார் வேலை போய்விடும் என்றுதான் நினைத்தார். அவர் மையத்தைக் குறைவாக மதிப்பிட்டுவிட்டார். அடுத்த கூட்டத்தில் இயக்குநர் நெற்றியில் ஒரு பிளாஸ்திரியோடு எழுந்து, அந்தத் தோப்பு ஏன் தப்பியது என்று கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். ஆறு, மலை, கடல் போல அங்கேயும் கடக்க முடியாத ஓர் இயற்கைத் தடை இருக்கிறது. தானே நேரில் ஆய்வு செய்து உறுதிப்படுத்தியிருப்பதால் அதை உடனே மாதிரியில் சேர்க்க வேண்டும். துணை இயக்குநர் அம்மா ஒரு சந்தேகம் கேட்டார்: தடை வளருமா, அதே அளவிலேயே இருக்குமா? ஒரு குழு போட்டார்கள். எது எப்படியோ, அன்றைக்கு அந்தத் தோப்பின் மேல் இனி எக்காலத்திலும் அம்பு வைக்கக் கூடாது என்று தீர்மானம் ஆயிற்று.

நல்ல செய்தியைச் சொல்ல மாதிரியார் அன்று மாலையே தன் காரை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். நெஞ்சு நிறைந்திருந்தது. முதன்முதலாக அவர் எண் ஒன்று உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. கேட் பூட்டியிருந்தது. ஹாரன் அடித்தார். அக்கா வந்தாள். சுவரின் மேல் செக்கர் தன் கிழிந்த காதைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

“அக்கா, உன்னை மாதிரியில போட்டாச்சு. மலைக்கும் உனக்கும் ஒரே மதிப்பு.”

“எந்தக் கலர்?”

“மலைக்குப் போடுற அதே பழுப்பு.”

“ம்.” அக்கா கேட்டைத் திறக்கவில்லை. “கார் எங்க நின்னுச்சு?”

“ஆபீஸ்லதான். எனக்குன்னு தனி இடம் குடுத்திருக்காங்கல்ல, குடோன் பக்கத்துல...” சொல்லும்போதே அவர் வார்த்தை மெதுவானது.

“டிக்கியைத் திற.”

“அக்கா, நான் இந்தத் துறையிலயே...”

“திறடா.”

மாதிரியார் இறங்கிப் போனார். காலையில் டிக்கியைத் திறந்துபோட்டுவிட்டு, தன் பெயர்ப்பலகை நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று வெகுநேரம் ரசித்தது நினைவுக்கு வந்தது. திறந்தார். பாராட்டுப் பத்திரத்தின் ஓரத்தைக் கொறித்துக்கொண்டிருந்த சாம்பல் அணில் நிமிர்ந்து, வந்தாயிற்றா என்பது போல அவரைப் பார்த்தது.

அவர் அவசரமாக டிக்கியை மூடினார். அக்கா விசிலை வாயில் வைத்தவள் ஊதாமல் எடுத்துவிட்டாள். தம்பியின் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது.

“போய் எங்க ஏத்தினியோ அங்கயே எறக்கி விட்டுட்டு வா,” என்றாள். “வரும்போது பஸ்ல வா. சாப்பாடு எடுத்து வெக்கிறேன்.”